கறுப்பு வண்டியில் இல்லாத கீறல்

தம்பி,

இன்று காலை எழுந்ததும் முதல் வேலையாகக் கை வளையல்களைக் கழற்றி மிக்ஸியின் மேல் வைத்தேன். அதற்குப் பிறகுதான் முகம் கழுவினேன். முன்பக்கம் ஜிப் வைத்த நைட்டியை மாற்றிவிட்டு, கொக்கியோ பொத்தானோ இல்லாத பழைய சுடிதார் ஒன்றைப் போட்டுக்கொண்டேன். உன் அப்பாவுக்குக் காப்பி போட்டு மூடி வைத்துவிட்டு போர்டிகோவுக்குப் போனேன். பங்குனியில் நர்மதாவைக் கட்டிக்கொள்ள நீ மாப்பிள்ளையாக ஏறி வரப்போகும் கறுப்பு வண்டிக்கு இன்று நான் வேக்ஸ் போட வேண்டும். அப்படித்தான் நீ சென்னையிலிருந்து வாட்ஸ்அப்பில் பேசி அனுப்பியிருந்தாய். "கடையில குடுக்காதம்மா, மெஷினை வெச்சுத் தேய்ச்சு பெயின்ட்டையே எரிச்சுடுவானுங்க. அப்பாவுக்குத் தோள்பட்டை வலி, அவரால முடியாது. நீதான் பொறுமையா செய்வ. பானெட்ல வலது பக்கம் நர்மதா பையை வெச்ச எடத்துல கீறல் இருக்கும், அதை மொதல்ல பாரு." நான் பொறுமையாகச் செய்வேன் என்று இந்த வீட்டில் எல்லோருக்கும் தெரிந்திருக்கிறது. அதற்கு மேல் என்னைப் பற்றி யாருக்கும் எதுவும் தெரிய வேண்டியதாக இருந்ததில்லை.

வேலையை முடித்துவிட்டுத்தான் இதை எழுத உட்கார்ந்திருக்கிறேன். போனில் சொன்னால் பாதியிலேயே "சரிம்மா, மீட்டிங் இருக்கு" என்று வைத்துவிடுவாய். நேரில் சொன்னால் உன் அப்பா நடுவில் புகுந்து ஏதாவது வேடிக்கையாகச் சொல்வார், நீ சிரிப்பாய், நானும் சிரித்துவிடுவேன். எழுதினால் அந்தச் சிரிப்பு வராது. அதனால் எழுதுகிறேன்.

நம் தெருவுக்குப் பின்னால் அரிசி ஆலை இருக்கிறது என்று தெரிந்துதான் உன் அப்பா கறுப்பு வண்டி வாங்கினார். நீ அப்போது ஒன்பதாம் வகுப்பு. வெள்ளையோ வெள்ளியோ எடுங்கள், அழுக்கு தெரியாது என்று ஷோரூமில் இருந்த பையனே சொன்னான். "வெள்ளை வண்டில போனா டாக்ஸின்னு நெனச்சுக் கை காட்டுவான்யா" என்றார் இவர். உரக்கடை முதலாளி கறுப்பு வண்டியில் வந்து இறங்கினால் அதற்கொரு மதிப்பு உண்டு என்று அவர் நினைத்தார். வண்டி வந்தது. தை பிறந்து சம்பா அறுப்பு முடிந்ததும் ஆலை ஓயாமல் ஓட ஆரம்பித்தது. புகைபோக்கியிலிருந்து எரிந்த உமி பொடிப்பொடியாகப் பறந்து வந்து, கொடியில் காய்கிற துணியில், மாடியில் உலர்த்திய வடகத்தில், நம் புது வண்டியின் மேல் என்று எல்லாவற்றிலும் படிந்தது. காலையில் பார்த்தால் கறுப்பு வண்டி சாம்பல் வண்டியாக நிற்கும். உன் அப்பா மஞ்சள் துணி ஒன்றை எடுத்துக்கொண்டு வெளியே போவார். தண்ணீர் கிடையாது. காய்ந்த துணியால், சாமி படத்தைத் துடைக்கிற பக்தியோடு, வட்டம் வட்டமாகத் துடைப்பார். கடைக்குக் கிளம்பும் முன் அவர் தினமும் தவறாமல் செய்த காரியம் அது ஒன்றுதான்.

நான் வேதியியல் படித்தவள். படித்ததில் பாதி மறந்துவிட்டது. உமியை எரித்தால் மிஞ்சுவதில் பெரும்பகுதி சிலிக்கா, மணலும் அதே பொருள்தான் என்பது மட்டும் மறக்கவில்லை. அதற்குப் படிப்புகூடத் தேவையில்லை. பாத்திரத்தின் அடிப்பிடிப்பை எடுக்க நம் பக்கத்தில் எதைப் போட்டுத் தேய்த்தார்களோ, அதையே போட்டு அவர் தினமும் காரைத் தேய்த்துக்கொண்டிருந்தார். ஒரு நாள் சொன்னேன். "என்னங்க, மொதல்ல தண்ணி ஊத்திக் கழுவிட்டு அப்புறம் துடைங்க. அந்தச் சாம்பல் கீறும்." எதிர் வீட்டுக்காரர் தன் பைக்கைத் துடைத்துக்கொண்டு நின்றார். அவருக்கும் கேட்கட்டும் என்றுதான் உன் அப்பா பதில் சொன்னார். "வந்துட்டாங்கய்யா சயின்டிஸ்ட்டு. நேத்து வெச்ச இட்லி கல்லு மாதிரி இருந்துச்சு மேடம், அதுல எதாவது ஆராய்ச்சி பண்ணுங்க." எதிர் வீட்டுக்காரர் சிரித்தார். மதில் மேல் உட்கார்ந்திருந்த நீ சிரித்தாய். நானும் சிரித்துக்கொண்டே உள்ளே போனேன்.

அந்த வருஷக் கோடையில், வெயில் நேராக அடிக்கும் நேரத்தில், பானெட்டில் சிலந்தி வலை மாதிரி மெல்லிய கோடுகள் தெரிய ஆரம்பித்தன. வெள்ளை வண்டியாக இருந்தால் யார் கண்ணிலும் பட்டிருக்காது. கறுப்பில் எதுவும் மறையாது. உன் அப்பா குனிந்து பார்த்தார், நிமிர்ந்து என் கையைப் பார்த்தார். "உன் வளையல்தான்டி. துணி காயப்போடறேன்னு ஒரசிக்கிட்டே போறியே, கண்ணு எங்க இருக்கு?" அதற்குப் பிறகு ஒவ்வொரு கோட்டுக்கும் என்னிடம் ஒரு காரணம் கண்டுபிடிக்கப்பட்டது. ஒரு சமயம் சேலையில் குத்திய ஊக்கு, ஒரு சமயம் துணிக்கூடையின் விளிம்பு, ஒரு சமயம் நைட்டியின் ஜிப். நான் வளையலைக் கழற்றிவிட்டு வெளியே போகப் பழகினேன். வண்டிக்கும் சுவருக்கும் நடுவே, வயிற்றை எக்கிக்கொண்டு பக்கவாட்டில் நடக்கப் பழகினேன். அடுத்த வீட்டு மாலா ஒரு முறை கேட்டாள், "என்னக்கா, உங்க வீட்டு வாசல்ல நீங்களே திருடி மாதிரி நடக்குறீங்க?" நான் அதற்கும் சிரித்தேன். கோடுகள் மட்டும் நிற்கவில்லை. நிற்கவும் நிற்காது. மஞ்சள் துணி தினமும் போய்க்கொண்டுதானே இருந்தது.

பூம்புகாருக்குப் போனது உனக்கு நினைவிருக்கும். கடல் பார்க்க வேண்டும் என்று அபூர்வமாக நான் ஆசைப்பட்டுக் கேட்டுப் போன பயணம். எலுமிச்சை சாதமும் உருளைக்கிழங்கு வறுவலும் கட்டிக்கொண்டு வந்தேன். வண்டிக்குள் சாப்பிடக் கூடாது, வண்டியின் மேல் எதையும் வைக்கக் கூடாது. அதனால் நாம் வெயிலில் நின்றபடி, பாத்திரத்தைக் கையில் பிடித்துக்கொண்டு சாப்பிட்டோம். நான் தண்ணீரில் கால் நனைத்துக்கொண்டிருக்கும்போதே ஹாரன் அடித்தது. உப்புக்காற்று பெயின்ட்டைத் தின்றுவிடுமாம். கால் மணலோடு ஏறக் கூடாது என்பதால் என்னை மட்டும் வெளியே நிறுத்தி, குடிக்கக் கொண்டுவந்த தண்ணீரையே ஊற்றிக் கால் கழுவச் சொன்னார். திரும்பும் வழியில் ரோட்டில் நெல் காயப்போட்டிருந்தார்கள். அதன் மேல் ஏற்றினால் சுணை பறந்து வண்டியில் ஒட்டும் என்று சுற்றுப்பாதையில் போனோம். இவர் என்னை அடித்ததில்லை, தம்பி. குடித்ததில்லை. ஊரில் யாரைக் கேட்டாலும் நல்ல மனிதர் என்பார்கள். நான் குறையாகச் சொல்ல நினைக்கும் ஒவ்வொன்றும், சொல்லத் தொடங்கியதும் இவ்வளவு சின்னதாகிவிடுகிறது. இதற்கெல்லாமா ஒரு பொம்பளை மனசு கசந்து போவாள் என்று கேட்கத் தோன்றும். கசந்து போவாள்.

நீ என்ஜினியரிங் மூன்றாம் வருஷம் படிக்கும்போது லீவுக்கு வந்து, ஏதோ வீடியோக்களைப் பார்த்துவிட்டு, போன் டார்ச்சை அடித்து வண்டியைச் சுற்றிச் சுற்றி வந்தாய். பிறகு சமையல்கட்டுக்கு வந்தாய். நான் குழம்புக்குப் புளி கரைத்துக்கொண்டிருந்தேன். நீ சொன்னதை நான் ஒரு எழுத்துகூட மறக்கவில்லை. "அம்மா, நீ அன்னைக்கே சொன்னது கரெக்ட்டும்மா. வளையலா இருந்தா நீளமா ஒரே கோடா விழும். இது பூரா வட்டம் வட்டமா இருக்கு. எல்லாம் காஞ்ச துணியில துடைச்சது." புளியை அப்படியே விட்டுவிட்டு உன் முகத்தைப் பார்த்தேன். "அப்பாகிட்ட சொல்லேன் தம்பி" என்றேன். "விடும்மா, அவரு மூட் அவுட் ஆயிடுவாரு" என்று சொல்லி, தட்டிலிருந்த அப்பளத்தை ஒடித்து வாயில் போட்டுக்கொண்டு போய்விட்டாய். அடுத்த நாள் இரண்டு பக்கெட் வாங்கி வந்தாய். ஒன்றில் ஷாம்பூ தண்ணீர், ஒன்றில் துணி அலச நல்ல தண்ணீர். முதலில் கை படாமல் குழாயால் பீய்ச்சி அடித்துச் சாம்பலை இறக்க வேண்டும், மேலிருந்து கீழே நேர்கோட்டில் துடைக்க வேண்டும், வட்டமாகத் துடைக்கவே கூடாது என்று அப்பாவுக்குப் பாடம் எடுத்தாய். அவர் மகிழ்ந்துபோனார். கடைக்கு வருகிறவர்களிடமெல்லாம் "என் புள்ள கண்டுபிடிச்சான்யா" என்று சொன்னார். முறை மாறியது, துணி மாறியது. என் வளையல் மேல் போட்ட பழியை மட்டும் இரண்டு பேரில் ஒருவரும் எடுக்கவில்லை. எடுக்க வேண்டும் என்ற நினைப்பே வரவில்லை என்றுதான் இத்தனை நாள் உன்னைப் பற்றி நினைத்துக்கொண்டிருந்தேன்.

போன வாரம் முகூர்த்தப் புடவை எடுக்க நர்மதாவும் அவள் அம்மாவும் சீர்காழியிலிருந்து தஞ்சாவூர் வந்தார்கள். நீயும் சென்னையிலிருந்து வந்திருந்தாய். புடவை எடுத்துவிட்டு நம் வீட்டில் சாப்பிட்டார்கள். அவர்களை பஸ் ஸ்டாண்டில் விட நீ வண்டியை எடுத்தாய். செருப்பு வாரை மாட்டுவதற்காக அந்தப் பெண் தன் கைப்பையை பானெட்டின் மேல் ஒரு நிமிஷம் வைத்தாள். "ஏய், அறிவிருக்கா? அது என்ன டேபிளா? பக்கிள் பட்டு கீறிடுச்சு பாரு!" என்று கத்தினாய். அவள் அம்மா திடுக்கிட்டு நின்றதைப் பார்த்ததும் சிரித்துக்கொண்டே, "சும்மா சொன்னேன் அத்தை, இவ ஸ்கூல்ல பசங்களைத் திட்டுறால்ல, ஒரு நாளைக்கு வாங்கட்டும்" என்றாய். எல்லோரும் சிரித்தார்கள். நர்மதாவும் சிரித்தாள். பிறகு வண்டியில் ஏறினாள். கதவை இரண்டு கையாலும் பிடித்து, குழந்தையைத் தொட்டிலில் விடுகிற மாதிரி மெதுவாகச் சாத்திவிட்டு உன்னைப் பார்த்து, "இப்படி மூடினா சரிங்களா?" என்று கேட்டாள். வகுப்பில் கணக்குப் பாடம் நடத்துகிற பெண். நீ கண்ணாடியைச் சரிசெய்துகொண்டிருந்தாய். கேட்டுக்கு வெளியே நின்று கை காட்டிக்கொண்டிருந்த நான் கையை இறக்கிவிட்டேன்.

இன்றைக்கு நீ சொன்ன முறையிலேயே செய்தேன். குழாயால் சாம்பலை இறக்கினேன். ஷாம்பூ போட்டுக் கழுவி, ஈரத்தை ஒற்றி எடுத்தேன். நீ அனுப்பியிருந்த அந்தக் களிமண் மாதிரியான கட்டியை ஈரத்தோடு தடவ, கழுவியும் போகாத பொடியெல்லாம் அதில் ஒட்டிக்கொண்டு வந்தது. பாலிஷ் டப்பாவைத் திறக்கும் முன், நீ சொன்னபடி பானெட்டின் வலது பக்கத்தைப் பார்த்தேன். டார்ச் அடித்துப் பார்த்தேன். சாய்வாகப் பிடித்து, குனிந்து, உட்கார்ந்து, எல்லா விதமாகவும் பார்த்தேன். நகத்தை வைத்துத் தடவினேன். வெளிச்சத்தைச் சுற்றி உன் அப்பாவின் பழைய வட்டங்கள் தெரிந்தன. வேறு ஒன்றும் இல்லை. பை வைத்த இடத்தில் ஏதோ பிசின் மாதிரி ஒட்டியிருந்தது, கழுவும்போதே போய்விட்டது. அங்கே கீறலே விழவில்லை, தம்பி. இதற்குள் உன் அப்பா காப்பி டம்ளரோடு வந்து நின்றார். "பாத்துடி, கல்யாண வண்டி. தேய்ச்சுத் தொலைச்சிடாத" என்றார். பாலிஷ் என்பது கோட்டை மறைக்கும் வித்தை அல்ல. கோட்டைச் சுற்றியிருக்கும் பெயின்ட்டைக் கோட்டின் ஆழத்துக்குக் கரைத்துவிடுவது. ஒவ்வொரு முறையும் மேல்பூச்சு கொஞ்சம் மெலிந்து போகும், ஒரு அளவுக்கு மேல் தேய்க்க மிச்சம் இருக்காது. அவரிடம் இதைச் சொல்லவில்லை. தலையை மட்டும் ஆட்டினேன். வட்டங்களைக் கையால் முடிந்தவரை குறைத்துவிட்டு, வேக்ஸை மெல்லிசாகத் தடவி, வெள்ளையாகப் பூத்து வரக் காத்திருந்தபோதுதான் உன் போன் வந்தது.

"முடிச்சிட்டியாம்மா?"

"வேக்ஸ் தடவியாச்சு. இன்னும் துடைக்கணும்."

"அந்தக் கீறல் போச்சா?"

"கீறலே இல்ல தம்பி."

"நல்லாப் பாத்தியா? டார்ச் அடிச்சு?"

"பாலிஷ் போடறதுக்கு முன்னாடியே பாத்தேன். என்னமோ பிசினு ஒட்டியிருந்துச்சு. கழுவினதும் போயிடுச்சு."

"ஓ. அப்ப சரி."

"நர்மதாகிட்ட சொல்லிடு. பாவம், ஊருக்குப் போனதும் எனக்கு போன் பண்ணி, கீறல் ரொம்ப ஆழமா அத்தை, அவங்க கோவமா இருக்காங்களான்னு கேட்டா."

நீ சிரித்தாய். பிறகு சொன்னாய்: "சொல்லாதம்மா. இருக்கட்டும். அப்பதான் இனிமே பாத்து நடந்துக்குவா."

நான் எதையோ சொல்ல வாயெடுத்தேன். நீ அதற்குள் கண்ணாடிக்கு எந்தத் துணி, டயருக்கு எந்தத் துணி என்று பேச ஆரம்பித்துவிட்டாய். போனை வைத்த பிறகு எவ்வளவு நேரம் அங்கேயே நின்றேன் என்று தெரியவில்லை. வேக்ஸ் இறுகிப்போய்விட்டது. பிறகு அதை எடுக்கத் தோள் வலிக்கத் தேய்க்க வேண்டியிருந்தது.

தேய்த்துக்கொண்டே ஒன்றை யோசித்தேன். உன் அப்பா என் வளையல்தான் கீறியது என்று உண்மையாகவே நம்பினார். முட்டாள்தனம்தான், அகங்காரம்தான், ஆனால் அதில் பொய் இல்லை. இன்றைக்கும் அவரைக் கேட்டால் சத்தியம் செய்து சொல்வார். நீ அப்படி இல்லை. வட்டக் கோடு எதனால் வருகிறது, நேர்க்கோடு எதனால் வருகிறது என்று உனக்குத் தெரியும். என் மேல் தப்பில்லை என்று தெரிந்துதான் அப்பளம் தின்றுகொண்டு போனாய். இன்றைக்கு, விழாத கீறலுக்கு அந்தப் பெண் பயந்துகொண்டே இருக்கட்டும் என்று தெரிந்தே சொல்கிறாய். அவர் செய்தது எனக்கு என்னவாக முடிந்தது என்று பக்கத்தில் இருந்து பார்த்து வளர்ந்தவன் நீ. அதைப் பார்த்து உனக்கு இரக்கம் வந்திருக்கும் என்று நம்பிக்கொண்டிருந்தேன். அது எவ்வளவு வசதியான ஏற்பாடு என்பதைத்தான் நீ பார்த்திருக்கிறாய்.

கல்யாணத்துக்கு முன் பெற்றவர்கள் பிள்ளைக்குப் புத்தி சொல்வார்கள். உனக்கு நான் என்ன சொல்ல? பெண்டாட்டியிடம் அன்பாக இரு என்று சொன்னால் "இருக்கேன்மா" என்பாய். பிறந்தநாளுக்குக் கேக் வாங்குவாய், ஊட்டிக்குக் கூட்டிப்போவாய், உடம்புக்கு முடியாவிட்டால் கஷாயம்கூட வைத்துக் கொடுப்பாய். நல்ல பையன் என்று அவள் வீட்டில் சொல்வார்கள். அவள் மட்டும் எந்நேரமும் எதையாவது கெடுத்துவிட்டேனோ என்று உன் முகத்தைப் பார்த்துக்கொண்டே வாழ்வாள். அப்படிப் பார்க்கிற பெண் உரக்கப் பேச மாட்டாள், தனக்கென்று எதையும் கேட்க மாட்டாள், தனக்குத் தெரிந்ததைக்கூடத் தெரியும் என்று சொல்ல மாட்டாள். கொஞ்ச நாளில் அவளுக்கே அவள் மேல் சந்தேகம் வந்துவிடும். படித்த வேதியியலின் மேல் எனக்குச் சந்தேகம் வந்ததே, அந்த மாதிரி. ஒரு கட்டத்தில் நான் வளையலைக் கழற்றி டார்ச் அடித்துப் பார்த்திருக்கிறேன், உண்மையிலேயே அதில் கூர் ஏதாவது இருக்கிறதோ என்று. இதை யாரிடமும் சொன்னதில்லை. சொன்னால் பைத்தியம் என்பார்கள்.

நீ திருந்திவிடுவாய் என்று நம்பி இதை எழுதவில்லை. நீ இதைப் படிக்கும்போது காரியம் முடிந்திருக்கும். முடிந்த பிறகுதான் தபாலில் போடுவேன். வேறு யார் வாயாலோ கேட்டுத் தெரிந்துகொள்ளாமல், என் கையெழுத்திலேயே நீ தெரிந்துகொள்ள வேண்டும் என்பதற்காக எழுதுகிறேன்.

நாளை மறுநாள் சனிக்கிழமை, நர்மதாவுக்குப் பள்ளி விடுமுறை. காலையில் கும்பகோணம் போய், அங்கிருந்து மாயவரம் வழியாகச் சீர்காழி போகிறேன். வருகிறேன் என்று அவளிடம் சொல்லவில்லை. உன் அப்பாவிடமும் சொல்லவில்லை. அவளைத் தனியாக உட்காரவைத்து, கீறல் இல்லை, அது இல்லை என்று அவனுக்கும் தெரியும், உன்னிடம் சொல்ல வேண்டாம் என்று அவன் சொன்னான் என்று மூன்றையும் அதே வரிசையில் சொல்வேன். பிறகு அவள் என்ன கேட்டாலும் பதில் சொல்வேன். என் பிள்ளை என்பதற்காக எதையும் மழுப்ப மாட்டேன், உன்னிடம் நல்லது இருந்தால் அதையும் மறைக்க மாட்டேன். கல்யாணத்தை நிறுத்து என்று சொல்ல எனக்கு உரிமை இல்லை, சொல்லவும் மாட்டேன். ஆனால் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு அவள் வேண்டாம் என்று முடிவெடுத்தால், அதை அவள் அப்பாவிடமும் உன் அப்பாவிடமும் உன்னிடமும் அந்தப் பெண் வந்து நடுங்கிக்கொண்டு சொல்ல வேண்டியதில்லை. நான் சொல்வேன்.

அம்மா